நீலப் பாடகி பொற்கொடி

அன்னூர் சுற்றுவட்டாரத்தில் ஒரு சாவு விழுந்தால் முதல் போன் சாமியானாக்காரருக்கு, அடுத்தது ஐஸ் பெட்டிக்காரருக்கு, அதற்கடுத்தது பொற்கொடிக்கு. மில்லில் ஷிப்ட் நேரமாக இருந்தால் அவள் எடுக்க மாட்டாள். அப்போது போன் பாவாத்தாளுக்குப் போகும். பாவாத்தாள் ஐயோ பாவம் என்றெல்லாம் ஆரம்பிக்கமாட்டாள். "ஆணுங்களா, பொண்ணுங்களா? வயசாளியா, வாலிபமா?" என்றுதான் கேட்பாள். அதைப் பொறுத்துத்தான் பாட்டு.

இருவரும் சேர்ந்து ஒப்பாரி பாடுகிறவர்கள். பொற்கொடிக்குப் பிழைப்பு என்னவோ நூல் மில்தான். பாட்டு அவள் அம்மா ராசம்மாளிடமிருந்து வந்தது. ராசம்மாள் தோட்டங்களில் பருத்தி எடுத்தவள். அந்தக் காலத்தில் தோட்டத்து வீட்டில் யாராவது போய்விட்டால் காலனிப் பெண்கள் போய் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து அழுதே ஆகவேண்டும். கூப்பிடுவதெல்லாம் கிடையாது, ஆள் வந்து சொல்லிவிட்டுப் போவான். பொற்கொடி காலத்தில் அது மாறிவிட்டது. இப்போது கேட்டுத்தான் அழைக்கிறார்கள், வேன் அனுப்புகிறார்கள், மைக் வைக்கிறார்கள். பிடிக்காத வீட்டுக்கு வர முடியாது என்றும் சொல்லலாம். பொற்கொடி சிலருக்குச் சொல்லியும் இருக்கிறாள்.

குரலை வளர்த்தது மில். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவளை நூற்கிற ஷெட்டில் போட்டார்கள். வரிசையாக ஓடுகிற இயந்திரங்களுக்கு நடுவே நடந்துகொண்டே அறுந்த நூலைச் சேர்க்க வேண்டும். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் பேசுவது காதில் விழாது. மற்ற பெண்கள் உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பழகினார்கள். பொற்கொடிக்கு அந்தப் பொறுமை இல்லை. இரைச்சலுக்கு மேலே பாடப் பழகினாள். ஷெட்டின் இந்தக் கோடியில் அவள் இழுத்தால் அந்தக் கோடியில் தலை திரும்பும். சூப்பர்வைசர் வேங்கடசாமி ஒருநாள் ஓடிவந்து கும்பிட்டார்.

"அம்மணி, கொஞ்சம் அடக்கிப் பாடுங்க. ஏதோ மெசின் பேரிங் போயிருச்சுன்னு பிட்டர் டூல்ஸோட ஓடியாந்துட்டாருங்க."

கல்யாணமானது வேலனோடு. நல்ல கொத்தனார். சுவர் எழுப்பினால் நூல் பிடித்த மாதிரி நிற்கும் என்று பெயர். ஒரே மகள் அன்புச்செல்வி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு சாயங்காலம் ரேசன் கடையில் சீமெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று கேனை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனான். சைக்கிள் அன்னூர் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது, ஹேண்டில்பாரில் காலிக் கேனோடு. ஆள் தாராபுரத்தில் இருக்கிறான், அங்கே வேறொருத்தியோடு குடும்பம் என்ற சேதி மெள்ள மெள்ள வந்து சேர்ந்தது.

பொற்கொடி அழவில்லை. அழ இடம் இருக்கவில்லை என்பதுதான் சரி. செத்துப் போயிருந்தால் சாமியானா வந்திருக்கும், ஒறம்பரை என்று சொந்தபந்தமெல்லாம் வந்திருக்கும், பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு பாடியிருப்பார்கள். உயிரோடு போனவனுக்கு எந்த வீட்டிலும் பந்தல் போடுவதில்லை. துக்கம் கேட்டு யாரும் வருவதில்லை. பாட்டும் கிடையாது. உயிரோடு இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைப்பது அவனைச் சாகச் சொல்வதற்குச் சமம்; எந்த ஊரும் அதை ஒத்துக்கொள்ளாது. ஊரார் வீட்டுச் சாவுக்கெல்லாம் மைக் பிடித்தவள் தன் வீட்டு விஷயத்துக்கு வாயைத் திறக்காமல் மகளைப் படிக்கவைத்து, திருப்பூரில் கட்டிக்கொடுத்தாள். வேலனின் சொந்த அக்காதான் பாவாத்தாள். தம்பி போன மறுமாதமே தன் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வந்து பொற்கொடி பக்கத்து வீட்டில் குடியேறினாள். காரணம் கேட்டவர்களிடம், "நான் ரெண்டாங் குரலு பாடறதுக்கு ஆளு இங்கதான் இருக்குது" என்று முடித்துவிட்டாள்.

பிரத்யுஷாவைப் பார்த்தது ஒரு சாவு வீட்டில். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கூட வேலை செய்கிறவரின் அப்பா இறந்ததற்கு வந்திருந்தாள். கோயமுத்தூர் ஆர்.எஸ். புரத்தில் ஒரு சின்ன ஹாலில் மாதா மாதம் ஆட்களைக் கூட்டி, ஏதாவது ஒரு நாட்டுப் பாட்டைப் போட்டுக் கேட்டு, அதைப் பற்றிப் பேசுவது அவளுடைய பொழுதுபோக்கு. பொற்கொடி பாடி முடித்துத் தண்ணீர் குடிக்கிற வரைக்கும் காத்திருந்து பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, ஒரு பாட்டுப் போடட்டுங்களா? பழைய பாட்டு. அமெரிக்கா. கேட்டுட்டுச் சொல்லுங்க."

போனைக் காதில் வைத்தாள் பொற்கொடி. கரகரவென்று எண்ணெய்ச் சட்டி பொரிகிற சத்தம். அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கனமாக, அவசரமே இல்லாமல் வந்தது. சொல் ஒன்றுகூடப் புரியவில்லை. ஆனால் அந்த இழுப்பு அவளுக்குத் தெரிந்த இழுப்பு.

"ஆருங்க செத்தது?" என்றாள்.

"ஆரும் சாகலீங்க்கா. அவங்க பேரு மா ரெய்னி. புருசன் உட்டுட்டுப் போயிட்டான்னு பாடறாங்க."

"உசுரோடயா போனான்?"

"உசுரோடதான்."

பொற்கொடி போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள். வேன்காரர் ஹாரன் அடித்தார். அவள் நகரவில்லை.

அதற்குப் பிறகு பிரத்யுஷா ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தாள். ரெய்னி என்ற பெயர் பொற்கொடி வாயில் நிற்கவில்லை, ராணியம்மா ஆகிவிட்டது. ராணியம்மா கதையைத் துண்டு துண்டாகக் கேட்டுக்கொண்டாள். ஜார்ஜியா பக்கம் கொலம்பஸ் என்கிற ஊர். பருத்திச் சீமை, பெரிய பெரிய நூல் மில்கள். கறுப்பினத்துக் குடும்பம். மைக் வராத காலத்தில் கூடாரம் கூடாரமாகப் போய்ப் பாடினார். கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்றால் தொண்டைதான் மைக். கழுத்தில் தங்கக் காசு மாலை, வாயில் தங்கப் பல். பின்னால் ரிக்கார்டு கம்பெனி கூப்பிட்டு ஏராளமான பாட்டுகளைப் பதிந்தது. அந்த வகைப் பாட்டுக்கு ப்ளூஸ் என்று பெயர். அதற்கே தாய் என்று அவரைச் சொல்கிறார்கள். அவருக்குப் பின்னால் வந்த பாடகிகளெல்லாம் ஏதோ ஒரு வகையில் அவரிடம் கடன்பட்டவர்கள்.

"மில்லு ஊரா?" என்று அதை மட்டும் இரண்டாம் தடவை கேட்டாள் பொற்கொடி. "அதாங்க அந்தத் தொண்டெ."

இன்னொரு விஷயமும் பிரத்யுஷா சொன்னாள். ராணியம்மா இந்த மாதிரிப் பாட்டை முதலில் கேட்டது ஒரு சின்ன ஊரில் என்று பின்னாளில் அவரே சொன்னதாக எழுதிவைத்திருக்கிறார்கள். கூடாரத்துக்கு வந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி, தன்னை விட்டுவிட்டுப் போனவனைப் பற்றிப் பாடினாளாம். அது பிடித்துப்போய் ராணியம்மா கற்றுக்கொண்டு மேடையில் பாட ஆரம்பித்தாராம்.

"அந்தப் புள்ளெ பேரென்னங்க?"

"தெரியாதுங்க்கா. ஆரும் எழுதி வெக்கலெ."

"பாட்ட எடுத்தவிய பேரக் கேட்டிருக்க வேண்டாங்களா?" என்றாள் பொற்கொடி. ராணியம்மாவின் மேல் அவளுக்கு வந்த ஒரே வருத்தம் அதுதான்.

பாட்டின் கட்டுமானத்தை அவளே பிடித்துக்கொண்டாள். ஒரு வரியைச் சொல்வது, அதையே இன்னொரு தடவை சொல்வது, மூன்றாவதில் குத்துவது. ஒப்பாரியில் வரி மேலே வரி அடுக்கிக்கொண்டே போகவேண்டும். இதில் நின்று நிதானித்து அடிக்கலாம். ஷெட்டில் நூல் சேர்த்துக்கொண்டே முணுமுணுத்துப் பார்த்தாள். மில் வேனில் வரும்போது ஒரு வரி, ரேசன் கடை வரிசையில் ஒரு வரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரத்யுஷா முன்னால் பாடிக் காட்டினாள்.

*சீமெண்ணெ வாங்கப் போறேன்னு சைக்கிள் ஏறிப் போனீங்க*
*ஆமாங்க, சீமெண்ணெ வாங்கப் போறேன்னு சைக்கிள் ஏறிப் போனீங்க*
*சீமெண்ணெ அடுப்பே ஒழிஞ்சு கேசு வந்துருச்சு, நீங்க எப்பங்க வருவீங்க?*

*ஊராருக்கு ஊடு கட்டி ஒழுகாமப் பூசி வெச்சீங்க*
*ஏனுங்க, ஊராருக்கு ஊடு கட்டி ஒழுகாமப் பூசி வெச்சீங்க*
*என்ற ஊட்டு ஓட்டெ மட்டும் ஆரு வந்துங்க பூசறது?*

*செத்திருந்தா ஒருவாட்டி அழுது முடிச்சிருப்பனுங்க*
*ஐயா, செத்திருந்தா ஒருவாட்டி அழுது முடிச்சிருப்பனுங்க*
*உசுரோட போனவருக்கு எத்தனெ வாட்டிங்க அழுவறது?*

முதல் இரண்டுக்கும் பிரத்யுஷா சிரித்தாள். மூன்றாவதில் சிரிப்பு நின்றுபோனது.

"இத்தனெ கோவத்துலயும் 'ங்க' போட்டுத்தான் பாடுவீங்களா அக்கா?"

"பின்னெ? அவரு ஓடிப்போனாருன்னு என்ற மருவாதியும் கூடவா ஓடிப்போகும்?"

அடுத்த கூட்டத்தில் ராணியம்மாவின் வாழ்க்கையைச் சொல்லி, அவர் பாட்டைப் போட்டு, முடிவில் பொற்கொடி மேடையேறுவது என்று முடிவானது. பொற்கொடி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"எங்கூரு பஸ் ஸ்டாப்புலயும் ஒரு பிளெக்ஸ் கட்டோணுங்க. என்ற பேரப் பெருசாப் போட்டு. அந்தப் புள்ளெயாட்ட நானும் பேரில்லாமப் போயிரக் கூடாது."

நியாயமான ஆசைதான். சீருக்கு, சாவுக்கு, கட்சிக்கு, வயசுக்கு வந்ததற்கு என்று அந்த ஊரில் பிளெக்ஸில் ஏறாத முகமில்லை. பொற்கொடி முகம் மட்டும்தான் பாக்கி.

பிளெக்ஸ் கடை உக்கடத்தில். நடத்துகிறவர் உவைஸ். முகூர்த்த நாள் நெருக்கடியில் கடை திணறிக்கொண்டிருந்தது. பிரத்யுஷா ஆபீஸிலிருந்து விவரத்தை ஆங்கிலத்தில் அனுப்பி, தமிழில் போட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தாள். உவைஸ் அதைப் போனில் போட்டுத் தமிழாக்கி, அப்படியே ஒட்டி, அச்சடித்து அனுப்பிவிட்டார். ப்ளூ என்றால் நீலம். போனைக் குற்றம் சொல்ல முடியாது. நிறமும் பொருத்தமாக இருக்கட்டும் என்று பின்னணி முழுக்க நீல விளக்கு வேறு போட்டிருந்தார்.

பொற்கொடி பகல் ஷிப்டில் இருந்தபோது பிளெக்ஸ் கட்டப்பட்டது. சாயங்காலம் மில் வேன் ஊருக்குள் திரும்பியதும் வேனுக்குள் பேச்சு சட்டென்று அடங்கியது. பஸ் நிறுத்தத்தில், ஆள் உயரத்துக்கு அவள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே கொட்டை எழுத்தில்:

நீலப் பாடகி பொற்கொடி. ஞாயிறு மாலை. அனுமதி இலவசம். அனைவரும் வருக.

நீலப் படம் என்றால் என்னவென்று அந்த ஊரில் தெரியாதவர் இல்லை. எதிரே டீக்கடை கோவிந்தராஜுலு வடைக் கரண்டியோடு வெளியே வந்து நின்றார்.

"அம்மணி, இத்தனெ நாளா எழவுக்குத்தான் பாடறீங்கன்னு நெனச்சனுங்க."

"ஏனுங்க, நானென்ன..."

"அதுலயும் அனுமதி இலவசம்னு வேற போட்டிருக்குதுங்க."

வேனிலிருந்து இறங்கிய பெண்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். யாரோ செய்தித்தாளைக் கொண்டுவந்து நீலப் என்ற சொல்லின் மேல் ஒட்டினார்கள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. அதுவரை கண்டுகொள்ளாமல் போனவர்களும் பைக்கை நிறுத்தி, தாளைத் தூக்கி, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

திருப்பூரிலிருந்து அன்புச்செல்வியின் போன் வந்தது.

"அம்மா, உன்ற மருமகன் போன்ல போட்டோவக் காட்டறாரு. என்னம்மா இது?"

"அது ப்ளூஸு கண்ணு. அமெரிக்காப் பாட்டு."

"ஐயோ, அதத்தாம்மா எல்லாரும் சொல்றாங்க, ப்ளூன்னு!"

பிரத்யுஷா உவைஸைப் போனில் பிடித்தாள். கேட்பதற்குள் அவரே ஒத்துக்கொண்டார். "நான்தாங்க்கா பண்ணிப்போட்டேன். எங்க அத்தா பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாரு. வேற அடிச்சுத் தர்றேன். என்ன போடட்டும், சொல்லுங்க. ப்ளூஸ்னு போட்டா மறுபடியும் அதே அர்த்தந்தானுங்க வரும் இங்க." பிரத்யுஷாவுக்கும் வேறு சொல் தெரியவில்லை. யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டாள்.

இதற்குள் டீக்கடை முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள பொற்கொடி விளக்கம் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"அட, அசிங்கமெல்லாம் இல்லீங்க. ஒப்பாரியாட்டத்தானுங்க அதும்."

எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது. கோவிந்தராஜுலுவுக்கு மட்டும் திருப்தி இல்லை.

"ஆருக்குங்க ஒப்பாரி?"

"ஆருக்கும் இல்லீங்க."

"ஆளில்லாம எப்படிங்க ஒப்பாரி வெப்பாங்க?"

வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று தெரிந்ததும் பொற்கொடி பெஞ்சுக்கு முன்னால் நின்று மூன்று அடுக்கையும் பாடிவிட்டாள். அசிங்கம் இல்லை என்பது எல்லோருக்கும் விளங்கியது. சீமெண்ணெய் வாங்கப் போனது யார் என்பதும் விளங்கியது. நீலப் பேச்சு அதோடு ஒழிந்தது. அதைவிடப் பெரிய பேச்சு கிளம்பியது: பொற்கொடி, உயிரோடிருக்கிற புருசனுக்கு ஒப்பாரி வைத்துவிட்டாள். இருட்டுவதற்குள் அந்தச் சேதி தாராபுரம் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலை வேலனே வந்தான். யாரோ ஒரு சொந்தக்காரர் பைக்கில் கொண்டுவந்து டீக்கடை முன்னால் இறக்கிவிட்டார். யாருக்கும் முதலில் அடையாளம் தெரியவில்லை. சாரத்தின் மேல் நின்று செங்கல் பிடித்த உடம்பு பாதியாகியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். பொற்கொடி வந்தாள், பின்னாலேயே பாவாத்தாள்.

"நான் பண்ணுனது தப்புத்தான்" என்று ஆரம்பித்தான் வேலன். "இல்லீன்னு சொல்லலெ. அதுக்குன்னு உசுரோட இருக்கறப்பவே எனக்கு எழவுப் பாட்டுப் பாடிப்போட்டயே பொற்கொடி. வர்ற திங்கக்கெழமெ எனக்கு நெஞ்சக் கீறி ஆப்பரேசன். கோயமுத்தூர்ல."

பொற்கொடிக்கு அது தெரியாது. யாரும் சொல்லியிருக்கவில்லை. ஞாயிறு மாலை பாட்டு, திங்கள் காலை ஆப்பரேசன். மேசையில் அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் காரணம் எது என்று ஊர் சொல்லும் என்பது அவளுக்குத் தெரியும். ஊரை விடுங்கள், எத்தனையோ சாவு வீட்டில் பாடியவள், சொல்லுக்குச் சக்தி இல்லை என்று அவளாலேயே நினைக்க முடியவில்லை.

"மொத ரெண்டையும் பாடிக்க" என்றான் வேலன். "அந்த மூணாவது வேண்டாம். செத்திருந்தான்னு வருதாமே, அது மட்டும் வேண்டாம்."

பாடவில்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் பாவாத்தாள் முன்னால் வந்துவிட்டாள்.

"பொற்கொடி, நேத்துப் பாடறப்ப முடிய அவுத்துப் போட்டயா?"

"இல்லீங்க்கா."

"தரையில உக்காந்தயா?"

"நின்னுட்டுத்தான் பாடுனேன். இந்தா, இந்தப் பெஞ்சுக்கு முன்னால."

"பொட்டு?"

"வெச்சிருந்தேன்."

பாவாத்தாள் தம்பி பக்கம் திரும்பினாள். "அப்பறம் எப்படிடா அது ஒப்பாரி? முடிய அவுத்துப்போட்டு, தரையில உக்காந்து, மாருல அடிச்சுட்டு அழுதாத்தான் எழவுப் பாட்டு. எத்தனெ ஊட்டுல பாடியிருக்கறேன், எனக்குத் தெரியாதா? கொண்டெ போட்டு, பொட்டு வெச்சு, நின்னுட்டு ஒரு பொம்பளெ கேட்டான்னா அது நாயம் கேக்கறதுடா."

கூட்டத்தில் யாரோ ஆமாமா என்றார்கள். கொங்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதும் நாயம்தான், நியாயம் கேட்பதும் நாயம்தான். இரண்டுக்கும் ஒரே சொல்.

"ஒப்பாரி பாடுனா செத்தவன் பதில் சொல்ல முடியாது" என்றாள் பாவாத்தாள். "நாயத்துக்குப் பதில் சொல்லலாம். நீதான் இருக்கறயே, சொல்லு. உசுரோட போனவனுக்கு அவ எத்தனெ வாட்டி அழுவறது?"

வேலன் டீ கிளாசைப் பெஞ்சில் வைத்துவிட்டு அக்காவை ஏறிட்டுப் பார்த்தான். கோவிந்தராஜுலு பாய்லரைத் திறந்தவர் மூட மறந்து நின்றார்.

"நீ என்ற கூடப் பொறந்தவளா, அவ கூடப் பொறந்தவளாக்கா?"

"உன்ற கூடப் பொறந்து என்னத்தக் கண்டேன்? அவ கூடத்தான் பாடறேன்."

சிரிப்பு எழுந்தது. பொற்கொடி சிரிக்கவில்லை. அவனுக்கு எதிர்ப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவன் போன பிறகு அவனோடு நேருக்கு நேர் பேசுவது அதுதான் முதல் தடவை.

"ஏனுங்க, நாஞ் சொல்றதக் கேளுங்க. மூணாவது இல்லாம அந்தப் பாட்டு நிக்காதுங்க. மொத ரெண்டும் சிரிக்கறதுக்கு. சொல்ல வந்தது மூணாவதுலதான் இருக்குது. ஆனா ஒண்ணு. நீங்க செத்துப்போட்டீங்கன்னா அதெ நான் பாடவே முடியாதுங்க. அப்பறம் அது பொய்யாப் போயிரும். உசுரோட போனவருன்னு ஆரச் சொல்றது? எழவுப் பாட்டுக்குத்தான் ஆளு சாகோணும். இதுக்கு நீங்க உசுரோட இருந்தாத்தானுங்க ஆகும்."

வேலன் கொத்தனார் ஆள்; எது எதன் மேல் நிற்கிறது என்று யோசித்துப் பழகியவன். கடைசியில் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டான்.

"பாடிக்க. கோயமுத்தூர்ல பேர மட்டும் சொல்லீராதெ."

"பாட்டுல பேரு எங்கீங்க வருது?"

பைக் கிளம்பியதும் பொற்கொடி பிரத்யுஷாவுக்குப் போன் போட்டாள். பிளெக்ஸுக்கு என்ன போடுவது என்று தெரிந்துவிட்டது என்றாள்.

அந்த ஞாயிறு மாலை ஆர்.எஸ். புரம் ஹாலின் மேடையில் வெள்ளைப் பிளெக்ஸில் கறுப்பு எழுத்து: நாயப் பாட்டு. கீழே பெரிதாகப் பொற்கொடி. ஊர்ப் பஸ் நிறுத்தத்திலும் இங்கேயும் உவைஸ் தானே கொண்டுவந்து கட்டினார். மனைவி ரிஃபத்தையும் அழைத்து வந்து, முன் வரிசையில் உட்கார இடமிருந்தும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அன்புச்செல்வி திருப்பூரிலிருந்து வரவில்லை. வருகிறேன், வரவில்லை என்று எதுவும் சொல்லவில்லை.

பிரத்யுஷா ராணியம்மா கதையைச் சொன்னாள். ரிக்கார்டின் கரகரப்பு ஹாலை நிறைத்தது. பேர் தெரியாத அந்தப் பெண்ணைப் பற்றியும் மறக்காமல் சொன்னாள். பிறகு பொற்கொடியும் பாவாத்தாளும் மேடையேறினார்கள். நாற்காலி போட்டிருந்தார்கள். பொற்கொடி அதை ஓரமாக நகர்த்தச் சொல்லிவிட்டு நின்றாள். மைக்கைத் தட்டிப் பார்த்து, தன் தொண்டைக்கு அது தேவையில்லை என்று ஓர் அடி பின்னால் போனாள்.

கேசு வந்த வரிக்கு ஹால் சிரித்தது. ஓட்டை வரிக்கும் சிரித்தார்கள், கொஞ்சம் குறைவாக. அந்த இடத்தில் பொற்கொடி நின்றுவிட்டாள். இன்னேரம் அவனை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருப்பார்கள், சாப்பாடு கொடுத்திருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. கை தானாகப் பின்னால் போய்க் கொண்டையைத் தொட்டுப் பார்த்தது. ஊசி இறுக்கமாகத்தான் இருந்தது. பாவாத்தாள் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வரிக்கு மூச்சை இழுத்துக்கொண்டாள். பொற்கொடி மூன்றாவதைத் தொடங்கினாள்.

முடிந்ததும் சத்தமில்லை. அது அவளுக்குப் பழகியதுதான். அதன்பின் கைதட்டல் எழுந்தபோதுதான் தடுமாறிப்போனாள். சாவு வீட்டில் யாரும் கை தட்டுவதில்லை. கும்பிடுவதா, இறங்குவதா என்று தெரியாமல் பிரத்யுஷாவைப் பார்த்தாள். நடுவில் ஒரு பெண் எழுந்து நின்று, "அக்கா, அந்த மூணாவது மட்டும் இன்னொருக்கா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேட்டாள். பொற்கொடி இன்னொருக்கா பாடினாள். இந்தத் தடவை நிற்கவில்லை.

ஆப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. தம்பி கண் விழித்துவிட்டான் என்று கேட்டதும் பாவாத்தாள் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பொற்கொடி போகவில்லை. ஷிப்டுக்குக் கிளம்பி மில் வேனுக்காக நிறுத்தத்தில் நின்றிருந்தவளிடம் வந்து, பையைக் கீழே வைக்காமலே பொரிந்து தள்ளினாள் பாவாத்தாள்.

"பேரச் சொல்லாதேன்னானே உன்ற புருசன், ஆஸ்பத்திரியில என்ன பண்றான் தெரியுமா? நம்ம பாட்ட ஆரோ போன்ல அனுப்பியிருக்காங்க. வார்டு பூராம் போட்டுக் காட்டறான். நர்சுப் புள்ளைககிட்ட, இது என்னயப் பத்துன பாட்டாக்கும்ங்கறான்!"

பொற்கொடி சிரித்ததில் தோளில் மாட்டியிருந்த டிபன் பை நழுவியது.

"பதில் கேட்டீங்களாக்கா?"

"கேக்காம வருவனா? எத்தனெ வாட்டிடா அழுவறதுன்னு கேட்டேன். யோசிச்சுட்டு இருக்கறேன்ங்கறான்."

"யோசிக்கட்டுங்க. அதுக்குள்ள நாலாவது ஒண்ணு போட்டர்றேன்."

வேன் வந்து நின்றது. ஏறும்போதே முதல் வரி வந்துவிட்டது. வேனுக்குள் உட்கார்ந்ததும் அதை இரண்டாம் தடவை சொல்லிப் பார்த்தாள்.

*பேரச் சொல்லீராதேன்னு பெஞ்சுல உக்காந்து கேட்டீங்க*
*ஏனுங்க, பேரச் சொல்லீராதேன்னு பெஞ்சுல உக்காந்து கேட்டீங்க*

மூன்றாவது வரி இன்னும் அமையவில்லை. வேன் மில் வாசலுக்குள் திரும்பியது. ஷெட்டுக்குள் போய் இரைச்சலில் நின்று தேடிக்கொள்ளலாம் என்று இறங்கிக்கொண்டாள்.